ஜன்னலைத் திறந்து வைன்னு சொன்னா மட்டும் போதுமா?



"காத்து வரட்டும், ஜன்னலைத் திறந்து வை." இதைச் சொல்லாத அம்மா தமிழ்நாட்டிலேயே கிடையாது. கேட்டுத் திறந்து வைத்த பிள்ளைகள்தான் கொஞ்சம் கம்மி. இந்த அறிவுரை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இஞ்சினியரிங் படிக்கிற நாம அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஒரு மனுஷன் ஞாபகம் வைத்துத் திறந்தால் மட்டுமே காற்று வரும் என்றால், அந்த இடத்தில் காற்றோட்ட வசதி இருக்கிறது என்று சொல்ல முடியாது. வெறும் ஓட்டைதான் இருக்கிறது.

இதைப் புரிஞ்சுக்க நல்ல இடம் ஒண்ணு இருக்கு. சின்னப் படகோட கேபின்.

"தொட்டியத்துல உட்கார்ந்துக்கிட்டு படகு கேபின் கதை எதுக்குப்பா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். இங்கிருந்து கடலைப் பார்க்கணும்னா காவிரி போற வழியிலேயே பூம்புகார் வரைக்கும் போகணும். காவிரியில ஓடுற பரிசலுக்குக் கேபினும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. ஆனா ஒரு விஷயத்தைக் கத்துக்கணும்னா அது ரொம்பக் கஷ்டமா இருக்கிற இடத்துக்குப் போய்ப் பார்க்கணும். காற்றோட்டத்துக்கு அந்த இடம் படகு கேபின்தான். அங்கே ஜன்னலைத் திறந்தா தண்ணி வரும், மூடினா மூச்சு முட்டும். ரெண்டுமே உயிர் விஷயம்.

யார் தூங்குறாங்க அங்கே?

ராமேஸ்வரம், நாகப்பட்டினம், காசிமேடு, தூத்தூர் பக்கமிருந்து போகிற விசைப்படகுகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். தளத்துக்கு மேலே பெட்டி மாதிரி ஒரு கேபின் இருக்கும். அதில்தான் சுக்கான், வயர்லெஸ், ஜிபிஎஸ் எல்லாம். ஆள் மாற்றி ஆள் படுக்கிறதும் அதில்தான். பல படகுகளில் அதற்குக் கீழேயே இன்ஜின் அறை.

ஒரே நாளில் போய்த் திரும்புகிற படகென்றால் பெரிய பிரச்சினை இல்லை. ஆழ்கடலுக்குப் போகிற படகுகள் அப்படி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் வாரக்கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். இன்னொரு பக்கம், பாக் விரிகுடா மீனவர்களை இழுவலையிலிருந்து ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதில் மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். ஆழ்கடல் என்றாலே பல ராத்திரிகள் கேபினில் தூங்க வேண்டும் என்று அர்த்தம். அப்போ அந்தக் கேபின் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வருகிறது, சரிதானே?

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

பேப்பர் பேனா எடுங்க. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கேபின். கொள்ளளவு 6 கன மீட்டர், அதாவது 6000 லிட்டர் காற்று. உள்ளே 4 பேர் படுத்திருக்கிறார்கள். ஓய்வாக இருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளியே விடுவார். 4 பேருக்கு 60 லிட்டர். 6000-இல் 60 என்பது 1 சதவீதம், அதாவது 10,000 பிபிஎம். வெளிக்காற்றில் இருப்பது ஏறத்தாழ 420 பிபிஎம். தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு வழக்கமாக வைத்திருக்கும் உச்ச அளவு 5000 பிபிஎம். காற்றே புகாத கேபினாக இருந்தால் அரை மணி நேரத்தில் அந்த அளவைத் தாண்டிவிடும்.

நிஜக் கேபினில் இடுக்கு, சந்து இருக்கும், அதனால் இவ்வளவு வேகமாக ஏறாது. இருந்தாலும் போக்கு இதுதான்.

அடுத்தது ஈரம். தூங்குகிற ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுவார். 4 பேருக்கு 160 கிராம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 6 கன மீட்டருக்கு 180 கிராம். கடற்கரைக் காற்றில் முக்கால்வாசி ஏற்கெனவே நிறைந்திருக்கும், மீதி இடம் சுமார் 45 கிராமுக்குத்தான். அரை மணிக்குள்ளேயே நிரம்பிவிடும். அதற்கப்புறம் வியர்வை காயாது, போர்வை நசநசக்கும், கொஞ்சம் குளிர்ந்த சுவரில் நீர் கோர்க்கும், ஒயரிங் முனையில் பச்சை பூக்கும், மெத்தையில் பூஞ்சை பிடிக்கும். போதாததுக்கு 4 பேர் உடம்புச் சூடு மட்டுமே 300 வாட்டுக்குப் பக்கத்தில். ராத்திரி முழுக்க உள்ளே சின்னதா ஒரு ஹீட்டர் ஓடுகிற மாதிரி. இப்படித் தூங்கி எழுந்தவர்தான் அதிகாலை சுக்கானைப் பிடிக்கணும்.

இப்போ ஜன்னலைத் திறப்போம். கப்பல் பாஷையில் போர்ட்ஹோல் என்று சொல்கிற வட்ட ஜன்னல், 20 சென்டிமீட்டர் விட்டம். பரப்பளவு 0.0314 சதுர மீட்டர். வெளியே வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று. அதில் பாதிதான் பயன்படும் என்று வைத்தாலும் வினாடிக்குச் சுமார் 16 லிட்டர், மணிக்கு 56 கன மீட்டர். அந்த 6 கன மீட்டர் கேபின் காற்று மணிக்கு 9 தடவை மாறிவிடும். கார்பன் டை ஆக்சைடு 1500 பிபிஎம் பக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சின்ன ஓட்டை இவ்வளவு வேலை செய்கிறது!

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. உள்ளே வந்த காற்று வெளியேற எதிர்ப்பக்கம் இன்னொரு வழி இருக்கணும். ஒரே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டு "காத்தே வரல"ன்னு சொல்றது, மூடி இறுகின பாட்டிலுக்குள்ள ஊதிப் பார்க்கிற மாதிரி.

மூக்குக்குத் தெரியாத ஆபத்து

கார்பன் டை ஆக்சைடு நம்மை மந்தமாக்கும், தலை வலிக்க வைக்கும். கார்பன் மோனாக்சைடு ஆளையே எடுத்துவிடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜின், ஜெனரேட்டர், அடுப்பு என எது எரிந்தாலும் இது கொஞ்சமாவது வரும். தூங்குகிறவருக்குத் தூக்கம் கலையாமலேயே எல்லாம் முடிந்துவிடும்.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததையே பாருங்கள். 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவன் வண்டிக்குள் 2 பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்ஐடி குழு அதே வண்டியில் ஜெனரேட்டரையும் ஏசியையும் ஓட விட்டுச் சோதனை செய்தது. ஜெனரேட்டர் புகை, தரையிலிருந்த துளை வழியாகக் கேபினுக்குள் புகுந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. சக்கரத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரில் மிதக்க விட்டால் அந்த வண்டியும் ஒரு படகு கேபின்தான். மூடிய பெட்டி, அடியில் இயந்திரம், உள்ளே தூங்கும் ஆட்கள்.

சமையல் கேஸ் இன்னொரு விதம். அது காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, படகின் அடிப்பகுதிக்கு இறங்கித் தேங்கி நிற்கும். மேலே எவ்வளவு பெரிய ஜன்னல் இருந்தாலும் அடியில் கிடக்கும் கேஸ் அசையாது. மீன் வைக்கும் அறையில் மீன் அழுகினால் வரும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்றை விடக் கனம்தான். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கு"ன்னு நினைக்கிற நேரம்தான் ரொம்ப ஆபத்தான நேரம்.

ஆக, மேலே ஒரு ஜன்னல் திறந்திருந்தால் போதும் என்பதும் முழு உண்மை இல்லை. எந்த வாயு எங்கே சேரும் என்று தெரிந்து, அதற்கேற்ற இடத்தில் வழி வைக்க வேண்டும்.

அப்போ எப்பவும் திறந்தே வைக்கலாமா?

இங்கேதான் கதை திரும்புது. அதே 20 சென்டிமீட்டர் ஓட்டை அரை மீட்டர் தண்ணீருக்குக் கீழே போனால் என்ன ஆகும்? ஃபுளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஆரிஃபிஸ் பரிசோதனை செய்தோமே, அதே சூத்திரம்தான். வேகம் வினாடிக்குச் சுமார் 3.1 மீட்டர். குணகம் 0.6 என்று வைத்தால் வினாடிக்கு 59 லிட்டர். ஒரு நிமிஷத்தில் மூன்றரை டன் தண்ணீர்! நம் விசைப்படகுகளில் கேபின் தளத்துக்கு மேலே இருப்பதால் ஜன்னல் லேசில் மூழ்காதுதான். ஆனால் ஒரு பெரிய அலை பக்கவாட்டில் அடித்தால் போதும். கேபினுக்குள் வந்த தண்ணீர் அங்கிருந்து நேராக இன்ஜின் அறைக்கு இறங்கும்.

இதற்கு வரலாறு கொடுத்த பாடம் ஒன்று உண்டு. டைட்டானிக் எல்லாருக்கும் தெரியும். அதன் தங்கைக் கப்பல் பிரிட்டானிக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? டைட்டானிக் மூழ்கிய பிறகு இரட்டைச் சுவர், உயரமான தடுப்புகள் எல்லாம் சேர்த்து இன்னும் பாதுகாப்பாகக் கட்டினார்கள். முன்பக்கம் 6 அறைகளில் தண்ணீர் புகுந்தாலும் மிதக்க வேண்டும் என்பது வடிவமைப்பு. முதல் உலகப் போரில் அது மருத்துவமனைக் கப்பலானது. 1916 நவம்பர் 21 அன்று ஏஜியன் கடலில், கிரேக்கத்தின் கியா தீவுப் பக்கம், கடல் கண்ணிவெடியில் மோதியது. 55 நிமிஷத்தில் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 30 பேர் இறந்தார்கள்.

அவ்வளவு பாதுகாப்பான கப்பல் ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது? வெடிப்பில் சில தடுப்புக் கதவுகள் சரியாக மூடவில்லை. அதோடு இன்னொரு காரணம், கீழ்த்தள வட்ட ஜன்னல்கள் பல திறந்திருந்தன. நோயாளிகளை ஏற்றுவதற்கு முன் வார்டுகளுக்குக் காற்று வரட்டும் என்று திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் சாய்ந்ததும் அந்த வரிசை தண்ணீருக்குக் கீழே போனது.

இதைப் படித்ததும் "திறந்தவங்க மேலதான் தப்பு"ன்னு தோணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடி வைக்கச் சொல்லி விதி இருந்தது, உண்மைதான். ஆனால் நோயாளிகள் வரப்போகும் வார்டில் நல்ல காற்று வேண்டும் என்று நினைப்பது செவிலியரின் கடமை. ஒரு கடமையைச் செய்தால் இன்னொரு விதி உடைகிறது என்றால் தப்பு விதியைப் போட்டவரிடமும் அதை வரைந்தவரிடமும் இருக்கிறது. காற்றும் தண்ணீரும் ஒரே ஓட்டை வழியாக வரும்படி விட்டுவிட்டு, நடுவில் ஒரு மனுஷனைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அவர் சோர்ந்த அன்று, மறந்த அன்று, இரக்கப்பட்ட அன்று கப்பல் போய்விட்டது.

காற்று வரணும், தண்ணி வரக்கூடாது

இதற்கு அழகான விடை ஒன்று 1930-களிலேயே வந்துவிட்டது. அமெரிக்கரான ஓலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்த டொரேட் என்ற பாய்மரப் படகு 1930-இல் கட்டப்பட்டு, 1931-இல் அட்லாண்டிக் பந்தயத்தை வென்றது. அந்தப் படகின் பெயரையே தாங்கி நிற்கிறது டொரேட் பெட்டி.

விஷயம் ரொம்ப எளிது. தளத்தின் மேல் ஒரு பெட்டி. பெட்டியின் ஒரு முனையில் காற்றைப் பிடிக்கும் வளைந்த புனல். மறு முனையில் கேபினுக்குள் இறங்கும் குழாய், ஆனால் அதன் வாய் பெட்டியின் தரைமட்டத்தில் இல்லாமல் சில அங்குலம் உயர்த்தி நிற்கும். அலை அடித்தால் புனல் வழியாகக் காற்றும் தண்ணீரும் சேர்ந்தே பெட்டிக்குள் வரும். தண்ணீர் கனம் என்பதால் பெட்டியின் தரையில் விழுந்து, ஓரத்திலுள்ள சின்னத் துளைகள் வழியாக வெளியே ஓடிவிடும். காற்று மட்டும் உயர்ந்த குழாய் வாயில் ஏறி உள்ளே போகும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, சென்சார் இல்லை. யாரும் எழுந்து போய்த் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். நாலு பலகை, ரெண்டு பிவிசி குழாய் இருந்தால் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே மாதிரி செய்து பார்க்கலாம். புனலோடு ஒரு மூடியும் வைத்தால் புயல் நேரத்துக்கும் ஆச்சு.

பெரிய கப்பல்களுக்கு இந்த விஷயத்தில் சட்டமே உண்டு. 1966-ஆம் ஆண்டு சர்வதேச சுமைக்கோடு உடன்படிக்கை, திறந்த தளத்திலுள்ள காற்றுக் குழாயின் அடிக்கட்டு இடத்துக்கு ஏற்ப 900 அல்லது 760 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. கீழ்த்தள வட்ட ஜன்னல்களுக்கு உள்பக்கம் இரும்பு மூடி வேண்டும் என்கிறது. ஆனால் அதே உடன்படிக்கை 24 மீட்டருக்குக் குறைந்த புதிய கப்பல்களுக்கும், மீன்பிடிப் படகுகளுக்கும் பொருந்தாது. அதாவது யாருக்கு இடம் குறைவோ, யார் அலைக்கு ரொம்பப் பக்கத்தில் தூங்குகிறார்களோ, அவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம்.

சில எதிர்க்கேள்விகள்

"தலைமுறை தலைமுறையாக் கடலுக்குப் போறவங்களுக்கு நாம போய்ச் சொல்லித் தரணுமா?" வேண்டாம். எந்தக் காற்று எப்போ திரும்பும், எந்த அலை எங்கே அடிக்கும் என்பதில் அவர்கள்தான் நமக்கு வாத்தியார். ஆனால் கார்பன் மோனாக்சைடு அனுபவத்தால் பிடிபடும் விஷயம் இல்லை. அதற்கு மணமே கிடையாது. அதை அளக்க ஒரு கருவி வேண்டும், அந்த அளவில் நம்மால் உதவ முடியும்.

"ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினா முடிஞ்சது." முடியாது. காற்று உள்ளே வர வழியில்லாத கேபினில் வெளியே இழுக்கும் ஃபேன் ஓடினால், உள்ளே அழுத்தம் குறைந்து, இன்ஜின் அறைப் புகையை இடுக்கு வழியாகக் கேபினுக்கே இழுத்துவிடும். வழியை முதலில் வை, ஃபேனை அப்புறம் வை.

"ஏசி போட்டா?" சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருப்பதையே குளிர்த்துத் திருப்பித் தரும். காற்று சில்லுன்னு இருக்கும், ஆனா பழைய காற்றுதான்.

இப்போ நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம்

நாலு பேர் தங்கும் அறை, 4 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 கன மீட்டர். கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடினால் மணிக்கு 1250 பிபிஎம் ஏறும். சந்து வழியாகக் கொஞ்சம் போனாலும் விடியும்போது தலை ஏன் கனக்கிறது என்று இப்போது புரியும். அதுக்குத் தேர்வு பயம் மட்டும் காரணம் இல்லை.

ஏன் மூடுகிறோம்? இங்கே அலை இல்லை, கொசு இருக்கிறது. சுற்றிலும் வாழைத் தோட்டம், வாய்க்கால். பொழுது சாய்ந்தால் ஜன்னலைத் திறந்து வைக்க முடியுமா? மூடுகிறோம். மூடிவிட்டுக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துகிறோம். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று கணக்கிட்டிருந்தார்கள். பீடி சிகரெட் தொடாத பையன் மூடிய அறையில் ராத்திரி முழுக்க எதை இழுக்கிறான் பாருங்கள்.

அவனிடம் "ஜன்னலைத் திற"ன்னு சொல்வது பிரிட்டானிக்கில் "மூடு"ன்னு சொன்ன மாதிரிதான். நியாயமான காரணத்துக்காக அவன் மூடுகிறான். அந்தக் காரணத்தை எடுக்காமல் அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள், அவனே திறந்து வைப்பான். நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் ஜன்னலுக்கும் மேலே, கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர் இருக்கும். சூடான காற்று மேலே ஏறி அது வழியாகப் போய்விடும். மழையா வெயிலா என்று பார்த்து யாரும் அதை மூடுவதில்லை. டொரேட் பெட்டி பேசுகிற அதே தத்துவத்தை நம்ம கொத்தனார்களும் பேசியிருக்கிறார்கள். புதுக் கட்டடங்களில் அந்த வென்டிலேட்டரைத்தான் முதலில் தூக்கினோம்.

என்ன செய்யலாம்?

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் வண்ணம் அடிப்பதும் அப்போதுதான். கேபின் கூரையில் ஒரு பெட்டி பொருத்த, எதிர்ப்பக்கம் ஒரு வெளியேறும் வழி போட, பேட்டரியில் ஓடும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்ட அதை விட நல்ல நேரம் இல்லை. ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிற மெக்கானிக்கல், இசிஇ, சிவில் நண்பர்களே, நம் வகுப்பிலேயே கடலோர மாவட்டத்துப் பசங்க இருப்பாங்க. அவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க. அவங்க அப்பா, மாமா, சித்தப்பா எந்த மாதிரி கேபின்ல படுக்கிறாங்கன்னு கேளுங்க. முதலில் அளவெடுங்க, அப்புறம் வரையுங்க.

ஹாஸ்டலில் இருக்கிறவங்க இன்னிக்கு ராத்திரியே செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு. உங்க அறையில் காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி, ரெண்டும் இருக்கான்னு பாருங்க. எது மூடிக் கிடக்கோ, அது ஏன் மூடிக் கிடக்குன்னு கேளுங்க. கொசுவா, மழையா, திருட்டுப் பயமா, துருப்பிடிச்ச கொக்கியா? அந்தக் காரணத்தை எழுதி வார்டன்கிட்ட கொடுங்க. "வலை அடிச்சுத் தாங்க"ன்னு கேட்கிற ஒரு மனு, "ஜன்னலைத் திறந்து வைக்கவும்"னு ஒட்டுற நூறு நோட்டீஸை விட வேலை செய்யும்.